எங்கள் பழைய கணினியும் ஒரு எண்பது பக்கக் கொப்பியும்

புதுக் கணினி ஒன்று வாங்கும் வசதி எங்கள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. 2022ஆம் வருடம் அந்த வசதி ஹட்டனில் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு இருக்கவில்லை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் எதுவானாலும் கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதே வழக்கமாயிற்று. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. பிறகு அது குறைந்ததே தவிர, வருடம் முடியும்வரை நிற்கவில்லை.

அந்த வருடம்தான் நான் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். என் மூன்று பாடங்களில் ஒன்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம். பரீட்சை 2023 ஜனவரி 23ஆம் திகதி தொடங்க இருந்தது. அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கணினி எழும்ப மறுத்தது.

அது வாப்பா 2008ஆம் ஆண்டு கடைக் கணக்குப் பார்ப்பதற்காக வாங்கியது. கடையில் பல வருடம் தூசி தின்றபின் வீட்டுக்கு வந்தது. உள்ளே 1 ஜிபி நினைவக அட்டைகள் இரண்டு, அதாவது ரேம் என்று நாம் சொல்லும் துண்டுகள் இரண்டு. ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு. ஒன்றில் கடையின் பழைய கணக்குகள், மற்றதில் விண்டோஸ் 7. வேகம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பைதன் நிரல்களை எழுதி ஓடவிட அது தாராளமாகப் போதும்.

அந்தக் கணினி எனக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. டியூஷன் வகுப்பில் பழக்கமான தோழி ஒருத்தி, டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து சனி, ஞாயிறு தினங்களில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர்களுடைய லயத்தில் எந்த வீட்டிலும் கணினி இல்லை. நிரலைக் கொப்பியில் எழுதிப் பழகலாம்தான். ஆனால் கொப்பி பிழையைச் சொல்லாது. நிரலை ஓடவிட்டுப் பார்த்தால்தான் எந்த வரியில் தவறு என்று விளங்கும்.

“ஒனக்குப் பரவாயில்ல. ஒங்க சாச்சா வீட்டுல லெப்டொப் இருக்கு” என்றாள் அவள். “எனக்கு இது ஒன்னுதான். மூனு பாடத்துல ஒன்னு போச்சுன்னா கெம்பஸ் கனவும் போச்சு. பரீட்சை முடிஞ்ச கையோட கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிருவாங்க.”

அவள் மிகைப்படுத்தவில்லை. மூன்று பாடங்களும் சித்தியடைந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கணினியைத் திருத்துவதற்காக ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். விசிறி சுற்றியது, மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. “தாய்ப்பலகை போயிட்டுது. இந்தப் பழசுக்குச் செலவழிக்கிறது வீண்” என்று சொல்லி, பாவித்த கணினி ஒன்றின் விலையைச் சொன்னார். வாப்பா ஒன்றும் பேசாமல் கணினியைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கடையில் வைத்திருந்த ஸ்க்ரூ ட்ரைவரைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

“படிக்கிற பாடம்தானே மகள். நீங்களே ஒருக்காத் தொறந்து பாருங்க. போன சாமான்தானே, இதுக்கு மேல என்ன போகப் போகுது?”

“பொம்பளப் புள்ளைக்கிட்ட கரண்ட் சாமானக் குடுக்கிறீங்களே” என்று உம்மா பயந்தார். உம்மாவின் பயம் நியாயமானது. அதனால் எதைத் தொடும் முன்பும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றினோம். முதலில் சுவரிலிருந்து வயரைக் கழற்றுவது. பிறகு கணினியின் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்து உள்ளே எஞ்சியுள்ள மின்சாரத்தை வடிய விடுவது. அதன்பின் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுவது. நம் உடம்பில் சேரும் நிலைமின் நமக்குத் தெரியாமலே நினைவக அட்டையைக் கெடுத்துவிடும் என்பதால்தான் இது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறப்பதில்லை என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். வயரைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒரு கணினி எப்படி எழும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே படுத்துவிட்டது என்பதைத் தேடுவது இலகுவாகிறது. இயக்குவதற்கான மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதை எடுத்து நினைவகத்தில் போடுவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டும். அப்படியானால் அந்த முதல் மென்பொருளை யார் எடுத்துப் போடுவது? தான் போட்டிருக்கும் சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது போன்ற வேலை இது. ஆங்கிலத்தில் இதற்கு ‘பூட்’ என்ற பெயர் வந்ததும் அந்தச் சப்பாத்து வாரிலிருந்துதான். இதற்காகவே பயோஸ் என்ற சிறிய மென்பொருளைத் தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் அது முதலில் கண் விழித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. நினைவகம் சரியாக இருந்தால் திரைக்கு உயிர் கொடுக்கிறது. கடைசியாக ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் போகிறது.

திரை எழும்புவதற்கு முன்பே கோளாறு ஏற்பட்டால் பயோஸ் அதை எப்படிச் சொல்லும்? அதற்குத்தான் ‘பீப்’ ஒலி. அதைக் கவனிக்கத் தூண்டியவள் என் தோழி.

“மெஷின் சத்தத்தக் காது குடுத்துக் கேட்டாலே எங்க கோளாறுன்னு தெரியும்னு எங்கப்பா சொல்லுவாரு. இது கத்துது பாரு. நீளமாக் கத்தி, நிறுத்தி, திரும்பவும் கத்துது.”

ஒலிகளின் பொருள் பயோஸைத் தயாரித்தவரைப் பொறுத்து மாறும். அதனால் தாய்ப்பலகையில் அச்சிட்டிருந்த மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய கைநூலைச் சாச்சா வீட்டில் தரவிறக்கிப் பார்த்தோம். எங்கள் பலகையில் நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகத்தைப் பார் என்று பொருள்.

உடனே இரண்டு அட்டைகளையும் கழற்றிவிட்டு, நினைவகமே இல்லாமல் கணினியைப் போட்டோம். அதே ஒலி வந்தது. எங்களுக்குப் பெரிய ஆறுதல். பலகையோ மூளையான புரொசசரோ செத்திருந்தால் ‘நினைவகத்தைக் காணவில்லை’ என்று அது கத்தியிருக்க முடியாது. கடையில் கொடுத்த மரணச் சான்றிதழ் செல்லாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

அன்று இரவுதான் எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். ஐந்து நிரல்கள்: திகதி, நேரம், வானிலை, என்ன மாற்றினோம், என்ன நடந்தது. ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டுமே என்பது எங்கள் சட்டம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து கணினி எழும்பிவிட்டால், எது அதை எழுப்பியது என்று ஒருநாளும் தெரியாது. அடுத்த வாரம் அது மறுபடி படுத்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

வானிலை எதற்கு என்று தம்பி சிரித்தான். மூன்று நாளில் அந்த நிரலே ஒரு விசயத்தைக் காட்டியது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போட்டால் கணினி ஒலி மட்டும் எழுப்புகிறது. வெயில் அடிக்கும் பகல் வேளைகளில் சில தடவை எழும்பிவிடுகிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேலே இருக்கும் ஊர். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். நினைவக அட்டையின் விளிம்பில் வரிசையாக உள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் வருடக் கணக்கான தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் ஆகிவிடும். குளிரில் உலோகம் சிறிதளவு சுருங்குவதும் உண்டு. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த முனை, அந்தச் சுருக்கத்தில் தொடர்பை விட்டுவிடலாம்.

மருந்து கையருகிலேயே இருந்தது. பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை அழிறப்பரால் தொடுமுனைகளை மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தோம். துகள்களை மென்மையான தூரிகையால் தட்டினோம். அட்டை செருகும் ஸ்லொட்டிலிருந்த தூசியையும் எடுத்தோம். இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று பூட்டும்வரை அட்டையை நேராக அழுத்தினோம். பல பழைய கணினிகள் இந்த ஒரு வேலையிலேயே எழும்பிவிடும். எங்களுடையதும் அடுத்த நாள் காலையில் எழும்பியது. பத்து நிமிடத்தில் நீலத் திரையைக் காட்டி மறுபடி விழுந்தது.

இரண்டு அட்டை, இரண்டு ஸ்லொட். ஒரு நேரத்தில் ஓர் அட்டையை ஒரு ஸ்லொட்டில் போட்டால் நான்கு சோதனைகள். ‘அ’ அட்டை முதல் ஸ்லொட்டில் விழுந்தது, இரண்டாம் ஸ்லொட்டிலும் விழுந்தது. ‘ஆ’ அட்டை இரண்டிலும் நின்று ஓடியது. ஆகவே ஸ்லொட்டில் குற்றமில்லை, ‘அ’ அட்டைதான் சந்தேகத்துக்குரியது. கணக்கில் சமன்பாடு தீர்ப்பது போலத்தான் இருந்தது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பாவித்தோம். 1994இல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதத் தொடங்கியது அது. விண்டோஸின் உதவியின்றி பென் டிரைவிலிருந்தே நேரடியாக எழும்பி ஓடும். நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் குறிப்பிட்ட எண்களை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். ஒரு முழுச் சுற்று முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, இஷாவுக்குப் பிறகு தொடங்கி விழித்திருந்தோம். ‘ஆ’ அட்டை சுத்தமாகத் தேறியது. ‘அ’ அட்டையில் சிவப்பு வரிகள் வந்தன. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்தன. அது தூசி அல்ல, அட்டைக்குள்ளேயே உள்ள பழுது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

அந்த இரவில் பாடநூலை மறுபடி புரட்டியபோது, முன்பு மனப்பாடம் செய்திருந்த விசயங்கள் எனக்கு முதல் தடவையாக விளங்கின. நாம் பாவிக்கும் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ரொபர்ட் டெனார்ட் என்பவர் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அந்த மின்னேற்றம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எல்லா அறைகளையும் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். செக்கனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல் நினைவூட்டினால்தான் கணினிக்கு நினைவு நிற்கும். பழுதான அறை அந்த இடைவெளிக்குள்ளேயே மறந்துவிடுகிறது.

இப்படி ஓயாமல் நினைவூட்டும் வேலை இன்று நேற்று வந்ததல்ல. அந்தக் கதையில் தேயிலையும் வருகிறது என்பதை வாசித்தபோது என் தோழி நம்பவில்லை. வணிகக் கணக்குகளுக்காக உலகில் முதன்முதலாக நாளாந்தம் வேலை செய்த கணினி லியோ. அதைக் கட்டியது ஒரு கணினி நிறுவனம் அல்ல. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் என்ற நிறுவனம், 1951இல் தன் பேக்கரிக் கணக்குகளை அதில் போடத் தொடங்கியது. பின்னர் தேயிலைக் கலவைக் கணக்கும் அதற்குப் போனது. லியோவின் நினைவகம் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். எண்கள் ஒலி அலைகளாகப் பாதரசத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். அங்கே பிடித்து, வலுவேற்றி, மீண்டும் முதல் முனைக்கு அனுப்புவார்கள். அனுப்புவதை நிறுத்தினால் எண்கள் மறைந்துவிடும்.

“அப்ப நாங்க பறிக்கிற தேயிலைக்கும் கொம்பியூட்டருக்கும் சம்பந்தம் இருக்கு” என்றாள் அவள். அதன் பிறகு அந்தப் பாடம் அவளுக்கு எங்கிருந்தோ வந்த பாடமாக இருக்கவில்லை.

‘ஆ’ அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இனிப் படிக்கலாம் என்று நினைத்திருந்த வேளையில் இரண்டாவது நோய் தலைகாட்டியது. நீண்ட மின்வெட்டு முடிந்து போட்டால், இயக்கத் தட்டு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அதற்கு மேல் வரியில் இருந்த திகதியைக் கண்டுபிடித்தவளும் தோழிதான்.

“இங்க பாரு, இதுக்கு இன்னும் 2008.”

தாய்ப்பலகையில் சில்லறைக் காசு போன்ற ஒரு பேட்டரி இருக்கும். சீஆர்2032 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். திகதியையும், எந்த ஹார்ட் டிஸ்க்கை முதலில் பார்க்க வேண்டும் என்பது போன்ற பயோஸ் அமைப்புகளையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காத்துவைப்பது அதுதான். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அதற்குப் பெரிய வேலை இல்லை. நாள் முழுவதும் மின்சாரம் இல்லாத மாதங்களில் அது தனியாகவே சுமந்திருக்கிறது. களைத்துப் போனதும் கணினி எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த அமைப்பின்படி முதலில் கடைக் கணக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்கிறது. அங்கே விண்டோஸ் இல்லை. வாசல் மாறித் தட்டிவிட்டு வீட்டில் ஆளில்லை என்று சொல்லும் விருந்தாளியைப் போலத்தான்.

பஜாரில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் அந்தப் பேட்டரி கிடைத்தது. பழையதை எடுத்துப் புதியதை எழுத்துள்ள பக்கம் மேலாக வைத்தோம். பயோஸுக்குள் போய்த் திகதியைத் திருத்தினோம். விண்டோஸ் உள்ள ஹார்ட் டிஸ்க்கை முதலாவதாக வைத்துச் சேமித்தோம். கொப்பியில் அன்றைய வரி: ‘மழை. பேட்டரி மாற்றம். எழும்பியது.’ அடுத்த பத்து நாளும் ‘எழும்பியது’ என்ற ஒரே சொல்தான். அல்ஹம்துலில்லாஹ்.

இன்னோர் அட்டை சேர்க்கவும் பார்த்தோம். கண்டியிலிருந்து உறவினர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய அட்டையைக் கொடுத்தனுப்பினார். எங்களுடையது டிடிஆர்2 வகை, வந்தது டிடிஆர்3. இரண்டுக்கும் நீளம் ஒன்று, தொடுமுனைகளும் 240தான். ஆனால் விளிம்பிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு என்பதால் மாறிப் போடாமல் இருக்கவே அந்த வெட்டு. செருகிப் பார்க்காமலே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பினோம். 1 ஜிபியோடு விண்டோஸ் 7 ஆமை போல ஊர்ந்தது. வேறெதையும் திறக்காமல் பைதனை மட்டும் திறந்தால் போதுமாக இருந்தது. தோழி டிசம்பர், ஜனவரி மாதங்களில் வந்த எல்லா வார இறுதிகளிலும் எழுதினாள். கரண்ட் போனால் கொப்பியில் எழுதுவாள், வந்ததும் தட்டச்சு செய்வாள்.

பரீட்சை முடிவில் எனக்கு அந்தப் பாடத்தில் ‘பீ’, அவளுக்கு ‘சீ’. மூன்று பாடமும் சித்தி. அவள் கொழும்புக்கு வேலைக்குப் போகவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தை எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். எண்பது பக்கக் கொப்பியை இப்போது தம்பி வைத்திருக்கிறான். அச்சுப்பொறி, வைஃபை என்று வேறு தலைப்புகளும் அதில் ஏறிவிட்டன. வானிலை நிரலை அவன் அழிக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று இருந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன் மகளிடம் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும் ஒரு கொப்பியும் கொடுங்கள். எங்கள் வாப்பாவுக்குக் கணினி தெரியாது. “ஒருக்காத் தொறந்து பாருங்க” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை இல்லையென்றால் மற்ற எதுவும் நடந்திருக்காது. எல்லாக் கணினியும் எழும்பும் என்று நான் சொல்லமாட்டேன். தலை உப்பிய மின்தேக்கிகள், எரிந்த வாடை, கருகிய தடம் இருந்தால் மூடி வைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். ‘வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால், எது வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். மின்சாரமா, நினைவகமா, பேட்டரியா, தட்டா? வயரைக் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் மாற்றி, நடந்ததை எழுதிவையுங்கள். அழிறப்பர் உங்கள் பென்சில் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.